இரண்டாவது படத்தில் இருக்கும் ஜன்னல்

பாப்பாவுக்கு,

உன் நகை வேலைப் படங்கள் நாலும் வந்து சேர்ந்தன. கூட ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். "எப்படிப்பா இருக்கு?" என்று நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: அந்த வெள்ளி மோதிரத்தில் பற்று வைத்த இடம், உருக்கி ஒட்டிய இணைப்பு, எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன், கண்ணுக்கு அகப்படவில்லை. அம்மாவிடம் காட்டினேன். அவள் மோதிரத்தைப் பார்க்கவில்லை. உன் முகம் எங்காவது தெரிகிறதா என்று படத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

இரண்டாவது படத்தில் உனக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருக்கிறது. மூடிக் கிடக்கிறது, திரை வேறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மேசை. நீ போட்டிருப்பது சாப்பாட்டு மேசை, 75 செ.மீ. உயரம்தான் இருக்கும். நகை வேலைக்கு 90 செ.மீ. வேண்டும். உட்கார்ந்தால் வேலை நெஞ்சுக்கு நேராக வர வேண்டும், இல்லாவிட்டால் வேலையைத் தேடி முதுகு குனியும். புது மேசை எதற்கு? நாலு காலுக்கும் 15 செ.மீ. கட்டை கொடு. கட்டை ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். மேசை ஆடினால் ரம்பப் பிளேடு நிற்காது. நீ எத்தனை உடைக்கிறாய் என்பதை மேசையில் சிதறிக் கிடக்கும் துண்டுகளே சொல்கின்றன. பல் கைப்பிடியைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்கட்டும். மாட்டியதும் நகத்தால் சுண்டிப் பார்: 'டிங்' என்று கேட்டால் சரி, 'தொப்' என்றால் தொய்வு. 0.8 மி.மீ. தகட்டுக்கு 2/0 அளவு பிளேடு போதும். திருப்பத்தில் ரம்பத்தை நகர்த்தாமல் சட்டத்தை மட்டும் திருப்புகிறாய், அங்கேதான் உடைகிறது. மேலும் கீழும் இழுத்துக்கொண்டே, முன்னால் தள்ளாமல் திருப்பு. கொஞ்சம் தேன்மெழுகு தடவிக்கொள்.

பற்று வைக்கும் கை உனக்கு வந்துவிட்டது. இருந்தாலும் ஒன்று. உருகி ஒட்டும் பற்றுப்பொடிக்குச் சூடு காட்டாதே, நகைக்குக் காட்டு. சூடு எங்கே அதிகமோ அங்கே பொடி ஓடும். அது உருண்டு முத்தாக நின்றால் ஒன்று இணைப்பில் அழுக்கு, இல்லை பொடி ஓடுவதற்காகப் பூசிய வெண்காரம் கருகிவிட்டது. அதற்கு மேல் தீயை ஊதிப் பிரயோசனமில்லை. ஆறவிட்டு, அமிலத்தில் போட்டு, கழுவி, முதலிலிருந்து தொடங்கு. கையில் பிடிக்கும் பியூட்டேன் டார்ச் மோதிரத்துக்கும் தோட்டுக்கும் போதும். வெள்ளிக் காப்பு செய்ய உட்கார்ந்தால் காணாது. வெள்ளி சூட்டை ஓரிடத்தில் நிற்க விடாது, உடம்பு முழுக்கப் பரப்பிவிடும்.

அமிலச் சட்டியை அரமும் குறடும் இருக்கும் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாய். ஆவி பட்டுப் பட்டு இரும்பெல்லாம் துருப்பிடிக்கும். வேறு மூலைக்கு மாற்று, மூடி போடு. தாமிர இடுக்கியால்தான் எடுக்க வேண்டும்; இரும்புச் சாமணம் உள்ளே போனால் வெள்ளி முழுக்கச் செம்பு பூத்துவிடும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. பழுக்கக் காய்ச்சியதை நேரே அதில் போடாதே, முகத்தில் தெறிக்கும். குடிதண்ணீர் பாட்டிலில் அமிலம் ஊற்றி வைக்காதே. இதை முன்பும் சொல்லியிருக்கிறேன். மறுபடியும் சொல்கிறேன்.

ரெசின், பாலிமர் களிமண், வண்ணக் கண்ணாடி எல்லாம் ஒரே மேசையில் கிடப்பதைப் பார்த்தேன். ஆசை சரிதான். ஆனால் கண்ணாடி வேலைக்கு வைத்திருக்கும் ஈயப்பற்று வெள்ளிப் பக்கம் தலைகாட்டக் கூடாது. அரத்தின் பல்லில் ஒட்டிய ஈயத்துகள் ஒன்று போதும். வெள்ளி சூடேறும்போது அந்த இடத்தைத் தின்று பள்ளமாக்கிவிடும். ஈயத்துக்கு வேறு அரம், பிடியில் சிவப்பு நூல் சுற்றி வை. ரெசின் ஊற்றும் நாளில் அரம் போடாதே, தூசி எல்லாம் அதில் போய் ஒட்டும். களிமண்ணைச் சமையல் அடுப்பில் சுடாதே, தனியாக ஒரு சின்ன அவன் வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு 130 டிகிரி, அட்டையில் போட்டிருப்பதுதான் கணக்கு. கருகினால் வரும் புகை கெட்டது. தூசிக்குப் போடும் முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி அடைத்த வடிகட்டி உள்ளது வேண்டும்.

 எனக்கு இப்போது எழுத வேண்டியது அந்த ஜன்னல்.

திறந்து வைத்தால் மட்டும் போதாது. புகையை வெளியே இழுக்கும் விசிறி ஒன்று வேண்டும், அது தலைக்கு மேலே இருக்கக் கூடாது. மேலே வைத்தால் புகை உன் மூக்கைத் தாண்டித்தான் அங்கே போகும். தீ வைக்கும் இடத்துக்கு எதிரே, மேசை மட்டத்தில் வை. உனக்குப் பின்னாலிருந்து புதுக்காற்று வர வழி இருக்கட்டும், வழி இல்லாவிட்டால் விசிறி வெறுமனே சுற்றும். தீக்குச்சியை அணைத்து அதன் புகையைப் பார்: உன்னைவிட்டு விலகிப் போகிறதா, உன் பக்கம் திரும்புகிறதா? காற்றில் தீ ஆடும் என்பாய். ஆடும்தான். சூடு தாங்கும் செங்கல்லை மூன்று பக்கமும் சுவர் மாதிரி அடுக்கு, நின்றுவிடும். வெளிச்சத்தில் உலோகத்தின் நிறம் தெரியவில்லை என்றால் தீ வைக்கும் மூலையில் மட்டும் நிழல் கட்டு. இத்தனை வழி இருக்கிறது, மூடித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

"ஜன்னலைச் சாத்து, தீ ஆடுது" என்று உன்னை எழுப்பி விட்டவன் நான்தான். வாசல்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாய், சாத்திவிட்டு வந்து அங்கேயே உட்காருவாய். தொழிலில் ஒரு வேலைகூட உனக்குச் சொல்லித் தரவில்லை, படி படி என்று துரத்தினேன். இதை மட்டும் எப்படிக் கற்றுக்கொண்டாய்?

இதுவரை பொடி வைத்துத்தான் பேசிவிட்டேன். நேராகவே சொல்கிறேன். மூன்றாவது படத்தில், மேல்தட்டில், மூடி நசுங்கிய வட்ட டப்பா ஒன்று இருக்கிறது. என்னுடையது. நீ கிளம்பும்போது ஞாபகத்துக்கு எடுத்துப் போயிருப்பாய். அதில் இருப்பது காட்மியம் என்ற விஷ உலோகம் கலந்த பற்றுப்பொடி. சீக்கிரம் உருகும், தண்ணீர் மாதிரி ஓடும், அதனால்தான் எல்லோரும் வைத்திருந்தோம். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். பற்று வைக்கும்போது சூடு கொஞ்சம் மீறினாலும் அந்த ஆவி நுரையீரலுக்குள்தான் போகும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்துக் காய்ச்சல் மாதிரி, இருமல் மாதிரி வரும்.

விஷம் என்று தெரிந்த பிறகும் அந்தப் பொடியை வைத்துத் தீ ஊதினேன், பாப்பா. வெள்ளி கலந்ததாயிற்றே, வீணாக்க மனம் வரவில்லை. நீ வாசல்படியில் இருந்தாய். மிச்சத்தையும் எறியாமல் மூடி வைத்தேன், அதுதான் இப்போது உன் வீட்டில் இருக்கிறது. அட்டையில் காட்மியம் இல்லாதது என்று போட்ட பொடியை மட்டும் வாங்கு. பேர் தெரியாத பழையது எதுவும் வேண்டாம், யார் கொடுத்தாலும், நான் கொடுத்தாலும்.

போன தடவை போனில் பேசும்போது இரண்டு முறை இருமினாய். "தூசிப்பா" என்றாய். நானும் சரி என்று வைத்துவிட்டேன்.

டப்பாவைத் திறக்காதே. சுற்றி டேப் ஒட்டி, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடு. சாக்கடையிலோ குப்பையிலோ போடாதே. திறந்திருந்தால், ஒரு தடவையாவது உருக்கியிருந்தால், டாக்டரிடம் போய் காட்மியம் என்ற பெயரைச் சொல்லிக் காட்டு. வெறும் இருமல் என்று சொன்னால் அவர்களுக்குத் தெரியாது.

இப்போது திறந்து பார்க்காதே, உனக்குத் தெரிந்த வரை அது நிறைய இருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று மட்டும் எனக்கு எழுது. நான் மூடும்போது கழுத்து வரை இருந்தது. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

அப்பா