முகம் மறக்கும், நடை மறக்காது

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லாரும் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெரியவன் ஹைதராபாத்துக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். வீடு வெறிச்சென்று இருக்கிறது, அதனால் இரவு நேரத்தில் பழைய படங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நித்யா விஷயத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒத்திகையில் அத்தனை பேர் முன்னாலும் ஒரு இயக்குநர் "உன் முகம் மனசிலேயே நிக்க மாட்டேங்குது" என்று ஒரு பெண்ணிடம் சொல்வதா? அவள் நடிப்பையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் மாலதி. அவளிடம் ஆங்கில நடிகர் அலெக் கின்னஸைப் பற்றிச் சொல். நம் கல்லூரி நாட்களில் திரைப்படச் சங்கத்தில் அந்தப் பாலம் கட்டும் படத்தைப் பார்த்தோமே, 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்', அதில் வரும் ஆங்கிலேயக் கர்னல். அவர் முகத்தை உன்னால் இப்போது நினைவுக்குக் கொண்டுவர முடிகிறதா? முடியாது. ஆனால் அந்தக் கர்னலை மறந்திருக்க மாட்டாய்.

அவருடைய கதை நித்யாவுக்கு எடுத்துச் சொல்வதற்கென்றே இருப்பதுபோல் இருக்கிறது. 1914இல் லண்டனில் பிறந்தார். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பதினான்கு வயதுக்குள் மூன்று பெயர்களோடு வாழ்ந்துவிட்டதாகவும், விடுதி, வாடகை அறை என்று சுமார் முப்பது இடங்களில் இருந்ததாகவும் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். பள்ளி முடிந்ததும் விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதும் வேலை. கையில் கிடைத்த சொற்பப் பணத்தில் மார்ட்டிடா ஹன்ட் என்ற நடிகையிடம் பாடம் கற்கப் போனார். அந்த அம்மாள் சில வகுப்புகள் எடுத்துப் பார்த்துவிட்டு, நீ ஒருநாளும் நடிகனாக மாட்டாய் என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1939இல் கின்னஸ் டிக்கன்ஸின் ஒரு நாவலை மேடைக்கு ஏற்றபடி எழுதினார். அதில் மணக்கோலத்திலேயே உறைந்துபோன கிழவியாக நடித்தது அதே மார்ட்டிடா ஹன்ட். நாடகத்தைப் பார்க்க வந்திருந்தார் திரைப்பட இயக்குநர் டேவிட் லீன். போர் முடிந்து 1946இல் அதே கதையை லீன் படமாக எடுத்தபோது, கிழவி வேடம் மார்ட்டிடாவுக்கே போனது, கதாநாயகனின் நண்பன் வேடம் கின்னஸுக்கு. நடிகனாக மாட்டாய் என்று சொன்னவரும் கேட்டவரும் ஒரே படத்தில்! இதை நித்யாவிடம் முதலில் சொல்.

இடையில் ஜான் கீல்குட் போன்ற பெரிய மேடை நடிகர் இவரைக் கண்டுகொண்டு சின்னச் சின்ன வேடங்கள் கொடுத்தார். போரில் கடற்படையில் சேர்ந்து, 1943இல் சிசிலியில் நேசப் படைகள் இறங்கியபோது ஒரு தரையிறங்கு படகுக்குத் தலைமை ஏற்றார்.

1948இல் லீன் மறுபடி டிக்கன்ஸைக் கையிலெடுத்தார். அதில் திருட்டுப் பையன்களை மேய்க்கும் கிழவன் ஃபேகின் வேடத்தைக் கின்னஸ் கேட்டபோது லீன் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தச் சாதுவான இளைஞனா என்று நினைத்திருப்பார். ஒரு சோதனைப் படப்பிடிப்பு மட்டும் வையுங்கள் என்று கெஞ்சி வாங்கி, முழு ஒப்பனையோடு வந்து நின்றார் கின்னஸ். அவ்வளவுதான், வேடம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஒப்பனையில் ஒட்டிய பெரிய மூக்கு யூதர்களை இழிவுபடுத்தும் பழைய கேலிச் சித்திரங்களை அப்படியே பின்பற்றியது. யூதப் படுகொலை நடந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். எதிர்ப்பு கிளம்பி, அமெரிக்காவில் 1951 வரை படம் வெளிவரவில்லை, வந்தபோதும் வெட்டித்தான் வந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்பதுதான் என் எண்ணம். திறமை இருக்கிறது என்பதால் எல்லாம் சரியாகிவிடாது.

1949இல் லண்டன் ஈலிங் ஸ்டுடியோவின் நகைச்சுவைப் படம் ஒன்று, 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்'. ஒரு பிரபுப் பட்டத்துக்காக வாரிசுகளை வரிசையாகக் கொல்லும் இளைஞன் கதை. கின்னஸுக்கு நான்கு வாரிசுகளின் வேடம் தர நினைத்தார்கள், இவர் மொத்தம் எட்டு வாரிசுகளின் வேடத்தையும் நானே செய்கிறேன் என்றார். பாதிரியார், கடற்படைத் தளபதி, வங்கிக்காரர், ஒரு பெண் உட்பட. தேவாலயத்தில் ஒரு காட்சியில் ஆறு பேர் ஒரே சட்டகத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கணினி எல்லாம் இல்லாத காலம் அது. கேமராவைத் தரையோடு அசையாமல் பொருத்தி, லென்ஸின் மற்ற பகுதிகளை மறைத்து, ஒருவரைப் படம் பிடித்ததும் பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, கின்னஸ் அடுத்த ஒப்பனை போட்டு வரும்வரை காத்திருந்து, மறுபடி எடுத்தார்கள். யாராவது கேமராவைத் தட்டிவிட்டால் எல்லாம் வீண் என்று ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் இரவில் அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்.

ஆனால் வேடம் மாற்றுவதை வைத்து மட்டும் அவரைப் புகழ்ந்தால் பாதியைத்தான் சொன்னதாகும். ஒப்பனை குறையக் குறையத்தான் அவர் பெரிய நடிகராகிறார். ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டால் அந்த ஆள் எப்படி நடப்பான் என்பதைத்தான் முதலில் தேடுவாராம். நடை பிடிபட்டால் ஆளே பிடிபட்டான்.

அந்தப் பாலம் படத்துக்கு வருகிறேன். 1957. கர்னல் நிக்கல்சன் வேடத்தைக் கின்னஸ் முதலில் வேண்டாம் என்று தள்ளினார், தயாரிப்பாளர் ஸ்பீகல் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். படப்பிடிப்பில் லீனோடு ஓயாத தகராறு. ஜப்பானியரின் போர்க் கைதி முகாமில், அதிகாரிகள் கூலி வேலை செய்ய மாட்டார்கள் என்று பிடிவாதம் பிடித்ததற்காகக் கர்னலைத் தகரப் பெட்டியில் போட்டு வெயிலில் வாட்டுகிறார்கள். அதிலிருந்து வெளியே விட்டதும் முகாம் தலைவன் இருக்கும் குடிசைவரை நடக்கிறார். அந்த நடையை மறுபடி பார். இடுப்புக்கு மேலே ராணுவ அதிகாரி, விறைப்பாக, தலை நிமிர்ந்து. இடுப்புக்குக் கீழே கால்கள் அவர் சொல்வதைக் கேட்பதில்லை. ஒவ்வொரு காலும் எங்கே விழும் என்று அவருக்கே தெரியாது. ஆனால் தன் ஆட்கள் பார்க்கிறார்கள் என்பது தெரியும், அதனால் விழக்கூடாது. ஒரு சொல் கிடையாது.

அந்த நடை கின்னஸின் மகனுடையது. மாத்யூ சிறுவனாக இருந்தபோது போலியோ வந்து இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. பிறகு தேறி, மறுபடி நடக்கப் பழகினான். அந்த நாட்களில் பிள்ளை தடுமாறித் தடுமாறி நடந்ததை அப்பா பார்த்திருக்கிறார். அதைத்தான் கர்னலுக்குக் கொடுத்தார். இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியை என்னால் சும்மா பார்க்க முடியவில்லை மாலதி. பெற்ற மனம் பட்ட பாட்டைத் துளி அழுகை இல்லாமல் வைத்திருக்கிறார்.

அதே படத்தில் இன்னொன்று. பாலம் முடிந்த மாலை, கர்னல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, 28 வருட ராணுவ வாழ்க்கையைப் பற்றி, வீட்டில் இருந்த நாட்கள் எத்தனை சொற்பம் என்பதைப் பற்றிப் பேசுகிறார். லீன் அதில் பெரும்பகுதியை முதுகுப் பக்கமிருந்து எடுத்துவிட்டார், கின்னஸுக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனால் நாம் பார்க்கும்போது அந்த முதுகே பேசுகிறது. கையிலிருந்த குட்டைக் கம்பு நழுவி ஆற்றில் விழுகிறது. முகமே தெரியாத இடத்தில் ஒரு நடிகர் இவ்வளவு செய்ய முடியும் என்றால், மனசில் நிற்காத முகம் என்ன குறை? நித்யாவைச் சொன்ன அந்த இயக்குநருக்கு இதைப் போட்டுக் காட்ட வேண்டும். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது.

இந்தப் படத்தில் எனக்கு ஒரு பெரிய மனத்தாங்கலும் உண்டு, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. அந்தப் பாலம், போரின்போது ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதைக்கானது. அந்தப் பாதையில் வெள்ளைக்காரக் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக வேலை செய்தவர்களும் செத்தவர்களும் ஆசியக் கூலிகள். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் மட்டும் பல்லாயிரம் பேர். காலராவிலும் பசியிலும் கொத்துக்கொத்தாகப் போனார்கள். படத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. படம் எடுத்தது எங்கே தெரியுமா? இலங்கையில், களனி ஆற்றங்கரையில் கித்துல்கலவில். நடிகரைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கர்னலின் பெருமிதத்தை ரசிக்கும்போதெல்லாம், கணக்கில் வராமல் போன நம் ஜனங்களின் நினைப்பும் கூடவே வருகிறது.

அவர் சறுக்கிய இடமும் இருக்கிறது. 1984இல் லீன் இந்தியாவில் எடுத்த படத்தில் கின்னஸ் பேராசிரியர் காட்போலே என்ற பிராமணராக, மாநிறம் பூசிக்கொண்டு வருகிறார். விக்டர் பானர்ஜி போன்றவர்கள் அதே படத்தில் இயல்பாக நடமாடும்போது, இவர் மட்டும் வேடம் போட்டவராகவே தெரிகிறார். இதற்கு ஒரு இந்திய நடிகரைத் தேடியிருக்க வேண்டும். அவருடைய காட்சிகளில் ஒரு பகுதியை லீன் வெட்டியதில் இருவருக்கும் மனக்கசப்பு வேறு.

வேடம் அவரையே மாற்றிய கதையும் உண்டு. 1954இல் துப்பறியும் பாதிரியாராக நடிக்க பிரான்சுக்குப் போயிருந்தார். ஒரு மாலை அங்கி கலைக்காமலே ஊருக்குள் நடந்து போனபோது, ஒரு சின்னப் பையன் நிஜப் பாதிரியார் என்று நினைத்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே கூட நடந்தான். தன் பிரெஞ்சைக் கேட்டால் பயந்துவிடுவானோ என்று இவர் வாயே திறக்கவில்லை. ஒரு அங்கியைப் பார்த்தே குழந்தைக்கு இவ்வளவு நம்பிக்கை வருகிறதே என்று யோசித்தாராம். 1956இல் கத்தோலிக்கரானார்.

உன் பேரன் இவரை 'ஸ்டார் வார்ஸ்' விண்வெளிப் படத்தில் வரும் முதிய வீரராக அறிந்திருப்பான். 1977இல் வந்த அந்தப் படத்தின் வசனங்கள் இவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் லாபத்தில் பங்கு கேட்டு வாங்கியிருந்ததால் சாகும்வரை பணக் கவலை இல்லை. அந்தப் படத்தை நூறு தடவைக்கு மேல் பார்த்ததாகச் சொன்ன ஒரு பையனிடம், இனி அதைப் பார்க்காதே என்று சொல்லி அவனை அழவைத்துவிட்டார். அது கொஞ்சம் அதிகம் என்றுதான் எனக்குப் பட்டது.

எனக்கு அவர் என்றால் ஜார்ஜ் ஸ்மைலிதான். 1979இல் பிபிசி ஏழு பகுதிகளாக எடுத்த உளவுத் தொடர், 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை', நாவலாசிரியர் ஜான் லெ காரேயின் கதை. ஓய்வுக்கு அனுப்பப்பட்ட ஒரு உளவாளி, தன் பழைய அலுவலகத்திலேயே இருக்கும் துரோகியைத் தேடுகிறார். கதையில் ஸ்மைலி குண்டு மனிதர், தான் பொருந்துவேனா என்று கின்னஸுக்கு ஒரே தயக்கம். நிஜ உளவாளி ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதால், பிரிட்டிஷ் உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டோடு மதிய உணவுக்கு ஏற்பாடு செய்தார் லெ காரே. தொடரில் துப்பாக்கிச் சண்டை இல்லை, துரத்தல் இல்லை. ஸ்மைலி ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கிறார், எதிரே உட்கார்ந்து கேட்கிறார். அவர்கள் பேசுகிறார்கள், அழுகிறார்கள், பொய் சொல்கிறார்கள். இவர் கண்ணாடியைக் கழற்றி டையின் அகன்ற முனையால் துடைத்து மாட்டிக்கொள்கிறார். அந்த நேரத்தில் எதிரில் இருப்பவர் சொன்னது இவருக்குள் எங்கோ போய்த் தைத்துவிட்டது என்பது நமக்குத் தெரிகிறது. கேட்பதை இவ்வளவு தீவிரமான வேலையாக வேறு யாரும் நடித்து நான் பார்த்ததில்லை. எழுதியவரே பிற்பாடு, ஸ்மைலியை நினைத்தாலே கின்னஸ்தான் வருகிறார் என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

2000 ஆகஸ்டில் இறந்தார். மனைவி மெருலா அக்டோபரில் போய்விட்டார். 62 வருடத் தாம்பத்தியம்.

நித்யாவை முதலில் கறுப்பு வெள்ளை ஈலிங் படத்தைப் பார்க்கச் சொல், சிரித்துக்கொண்டே பார்ப்பாள். அடுத்து பாலம். ஸ்மைலி தொடரை இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள், ஆனால் கையில் போனை வைத்துக்கொண்டு பார்த்தால் ஒன்றும் புரியாது, பெயர்கள் ஏராளம். முதல் பகுதி குழப்பினாலும் விட்டுவிடாதே, இரண்டாவதிலிருந்து பிடித்துக்கொள்ளும். இரண்டாவது பகுதி முடிந்ததும் எனக்குப் போன் செய், துரோகி யார் என்று நீ நினைக்கிறாய் என்று கேட்க வேண்டும். நான் தப்பாகவோ சரியாகவோ ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
கோமதி