வெறும் வயிற்றுச் சோதனை மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்டா மாவட்டங்களில் சர்க்கரைப் பரிசோதனை என்றாலே காலையில் வெறும் வயிற்றில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவது என்றாகிவிட்டது. அளவு நூறுக்குள் வந்துவிட்டால் அந்த ஆண்டு முழுவதும் கவலையில்லை என்று இருந்துவிடுகிறோம். ஆனால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 140 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய சர்க்கரை, வெறும் வயிற்றில் சரியாக இருப்பவர்களில் பலருக்கும் எந்த அறிகுறியும் இல்லாமலே 180, 200 என்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

இறங்கிவிடுகிறதே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வேளைக்கு வேளை இப்படி மிகும் சர்க்கரை, ரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுத்து, ஆண்டுக்கணக்கில் விழித்திரையையும் சிறுநீரகத்தையும் கால் நரம்புகளையும் இதயத்தையும் பாதிக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் தரவுகளைத் திரட்டி 1999இல் வெளியான டிகோட் ஆய்வு, உயிரிழப்பு அபாயத்தை முன்கூட்டிக் காட்டுவதில் வெறும் வயிற்று அளவைவிட, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவே மேலானது என்று கண்டது.

சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை சோறு வாங்கும் நமது மதியச் சாப்பாட்டில் பொரியலும் கூட்டும் இலை ஓரத்தில் ஆளுக்கொரு கரண்டியோடு நின்றுவிடுகின்றன. நாற்றுப் பறித்து, நடவு நட்டு, அறுத்து, கட்டுச் சுமந்த உடம்புக்கு அந்தச் சோறு தேவைப்பட்டது. நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்த பிறகு உழைப்பு குறைந்ததே தவிர, சோறு குறையவில்லை. சோற்றையே விடச் சொல்லவில்லை, நெல் விளையும் ஊரில் அது நடக்கிற காரியமும் அல்ல. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் குறைத்து, உண்டதும் பாய் விரிக்காமல் கால் மணி நேரம் நடந்தாலே ஏற்றம் பெருமளவு தணியும்.

சோதனை நாளன்று மட்டும் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, 'நார்மல்' என்ற சீட்டோடு திரும்புகிறவர்களும் நம்மிடையே உண்டு. வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிட்டு, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கிட்டு, மாத்திரை எடுப்பவர்கள் அதையும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டு ரத்தம் கொடுத்தால்தான் உண்மை தெரியும்.

கிராம மருத்துவ முகாம்களைக் காலையோடு முடித்துவிடாமல் பிற்பகலிலும் நடத்தி, உணவுக்குப் பிந்தைய அளவையும் பார்க்க வேண்டும். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பணியாளர்கள், வாய்ப்புள்ள இடங்களில் மதிய உணவு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து வருமாறு நேரத்தை அமைத்தால், வயலுக்குப் போய்த் திரும்பும் பெண்களும் அதில் அடங்குவர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையை ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடையின்றிக் கிடைக்கச் செய்யவும் சுகாதாரத் துறை ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.