அந்த மெழுகுக் கட்டையை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

கடலூரிலும் புதுச்சேரியிலும் பெரிய மருத்துவமனைகளை நிர்வகிக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும்,

வணக்கம். கேன்சர் போலவே கட்டியாக வரும் ஐஜிஜி4 நோயைப் பற்றி நான் கொடுத்த மனுவுக்குச் சென்ற வாரம் பதில் வந்தது. "இது அரிய நோய் என்பதால் தனி ஏற்பாடு செய்யும் தேவை எழவில்லை." ஒரே வரி, கீழே கிறுக்கலாக ஒரு கையெழுத்து. மனு போட்டால் பதில் வருவதே பெரிய விஷயம் என்கிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் நான் தனி ஏற்பாடு எதையும் கேட்கவில்லையே. மார்புக்குள் கட்டி என்று எடுத்த பயாப்சியில் கேன்சரும் இல்லை, டிபியும் இல்லை என்று வந்தால், அதே சதைத் துண்டில் ஐஜிஜி4 என்ற எதிர்ப்பு சக்திப் புரதத்தைக் காட்டும் சாயப் பரிசோதனையையும் நீங்களே செய்துவிடுங்கள், வசதி இல்லையென்றால் இருக்கிற இடத்துக்கு நீங்களே அனுப்புங்கள். இவ்வளவுதான் கேட்டேன்.

அப்பாவின் கதை உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு, அறுபதைத் தாண்டியவர், பீடி சிகரெட் கிடையாது. காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கும், கழுத்து நரம்பு புடைத்து நிற்கும், குனிந்து செருப்பு மாட்டினால் மூச்சு முட்டும். ஸ்கேனில் இதயத்துக்கு மேலே பெரிய ரத்தக்குழாயை நெருக்கிக்கொண்டு ஒரு கட்டி. பெட் ஸ்கேனிலும் பளிச்சென்று தெரிந்தது. அன்றைக்கே வார்டில் அவர் 'கேன்சர் கேஸ்' ஆகிவிட்டார். பயாப்சியில் கேன்சர் செல் இல்லை என்று வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை, ஊசி சரியான இடத்தில் பட்டிருக்காது என்றார்கள். அப்புறம் டிபி மாத்திரை. நம் ஊரில் நெஞ்சில் எது வந்தாலும் டிபியை முதலில் சந்தேகிப்பது நியாயம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். மாத்திரைக்கும் கட்டி அசையாதபோதாவது வேறு ஏதாவது இருக்குமோ என்று யாராவது யோசித்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

யோசித்தது ஒரே ஒரு டாக்டரம்மா. "பிளாக்கை வாங்கிட்டு வாங்க, சாயம் போட்டுப் பார்த்துடலாம்" என்றார். வாங்கிக்கொண்டு வருவது என்றால் என்ன என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?

பிளாக் என்பது மெழுகில் புதைத்த சதைத் துணுக்கு, தீப்பெட்டியில் அடங்கிவிடும். அதைக் கொடுக்க வார்டு டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். முத்திரை பீரோவில், பீரோ சாவி லீவில் போனவரிடம். முத்திரை கிடைத்தால், கவுன்ட்டர் மதியம்தான் திறக்கும். திறந்த பிறகு, நோயாளி நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிற மனுஷனை மாடிக்கு ஏற்றிக் கையெழுத்து வாங்கினார்கள், தன் நெஞ்சிலிருந்து எடுத்த சதைக்கு. கொடுக்கும்போது, "வெயில் படாம கொண்டு போங்க, உருகிடப் போகுது" என்று வேறு சொல்லி அனுப்பினார்கள். அக்னி நட்சத்திரம். அம்மாவின் டிபன் டப்பாவுக்குள் துணி சுற்றி வைத்து, கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி, கிருமாம்பாக்கம் தாண்டும்வரை இடம் கிடைக்காமல், எஞ்சின் சூடு பட்டுவிடுமோ என்று டப்பாவைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றேன். அது போனால் அப்பாவுக்கு மறுபடி ஊசி. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனதும், ஸ்லைடு (சதைச் சீவலை ஒட்டிய கண்ணாடித் தகடு) எங்கே, பிளாக் மட்டும் போதாது, எண் பாதி அழிந்திருக்கிறதே, ஆதாரில் கடலூர் என்று இருக்கிறதே! முள்ளோடையைத் தாண்டினால் வேறு அரசு என்பது எங்களுக்குத் தெரியும், நோய்க்குத் தெரியவில்லை.

சாயம் போட்டுப் பார்த்தார்கள். சுழல் சுழலாக நார்த்திசு, அடைபட்ட சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள், எதிர்ப்பு சக்திக்கான பிளாஸ்மா செல்களில் பெரும்பாலானவை ஐஜிஜி4 ரகம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தடம் மாறி உண்டாக்கிய கட்டி. கீமோ வேண்டாம், ஸ்டீராய்டு மாத்திரைதான். சில வாரங்களில் முக வீக்கம் வடிந்தது. ஆனால் முழுக்கச் சரியாகவில்லை. அழற்சியாக இருக்கும் வரை இந்த நோய் ஸ்டீராய்டுக்கு அடங்கும், தழும்பாக இறுகிய பகுதி அவ்வளவாக அடங்காது. அப்பாவின் ரத்தக்குழாயைச் சுற்றி ஒரு பகுதி இறுகிவிட்டது. நாங்கள் கவுன்ட்டர் கவுன்ட்டராக நின்ற காலம் முழுவதும் அது இறுகிக்கொண்டிருந்தது.

இது ஒன்றும் நேற்று முளைத்த நோய் இல்லை. 2001-இல் ஜப்பானில் ஒருவகைக் கணைய அழற்சி நோயாளிகளின் ரத்தத்தில் ஐஜிஜி4 ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2003-இல் இது பல உறுப்புகளைப் பிடிக்கும் ஒரே நோய் என்றார்கள். 2019-இல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வகைப்படுத்தும் விதிகளையே வெளியிட்டுவிட்டன. ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது, நோய் இருந்தும் ரத்தத்தில் அளவு ஏறாதவர்கள் உண்டு. அதனால்தான் சதையில் பார்க்கச் சொல்கிறேன். கேன்சர் இல்லை என்று உறுதியாகாமல் ஸ்டீராய்டு கொடுங்கள் என்றும் கேட்கவில்லை, லிம்போமா என்ற நிணநீர்க் கேன்சரும் அதற்குக் கொஞ்ச நாள் சுருங்கி ஏமாற்றும் என்று அந்த டாக்டரம்மாவே சொன்னார். தேடாத நோய் அரிய நோயாகத்தானே இருக்கும்?

கேன்சர் விழிப்புணர்வு என்றால் கடற்கரைச் சாலையில் நடைப்பயணம், தொப்பி, டிஷர்ட், பொன்னாடை, மறுநாள் பேப்பரில் போட்டோ. எல்லாவற்றுக்கும் பணம் இருக்கிறது. ஒரு பிளாக்கை ஆஸ்பத்திரி ஆள் கையில் கொடுத்து அனுப்ப மட்டும் விதி இடம் கொடுக்கவில்லை. ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் தேடும் வேகத்தில் அந்தப் பீரோ சாவியைத் தேடியிருந்தால் எங்களுக்கு ஒரு மாதமாவது மிச்சமாகியிருக்கும். அப்பாவுக்குக் கேன்சர் என்று ஊரில் பரவி, தங்கைக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் நின்றுபோனதை யாரிடம் மனுவாகக் கொடுப்பது?

சரி, கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். நெஞ்சுக் கட்டி பயாப்சியில் கேன்சரோ டிபியோ இல்லையென்றால், ஐஜிஜி4 சாயம் போடலாமா என்று நோயியல் துறையே பார்க்கட்டும். இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் செய்தால்கூடப் போதும், பிளாக்கும் ஸ்லைடும் உங்கள் ஆள் மூலமாகவே போகட்டும். அதுவரை கொண்டுபோகும் வேலை எங்களுடையதுதான் என்றால், கவுன்ட்டர் எந்த நேரத்தில் திறக்கும், என்னென்ன காகிதம் வேண்டும், சாவி யாரிடம் இருக்கும் என்பதையாவது சுவரில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். இந்த முறை பதிலில் எந்தத் தேதியிலிருந்து என்பதையும் குறிப்பிட்டு அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பண்ருட்டியிலிருந்து ஒரு நோயாளியின் மகள்