மார்ஷலுக்குப் படை எங்கே?

பினாங்கு, ஜெலுத்தோங்

அன்புத் தம்பிக்கு,

நேற்று நீ போனில் சொன்னதைக் கேட்டதும் அம்மா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய் உன் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். கோலாலம்பூர் ஆபீசில் 'ரீஜனல் ஹெட்' என்றால் சும்மாவா என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் போனை வைக்கும் முன் நீ சொன்னாயே, சம்பளத்தைப் பிறகு பார்ப்போம் என்கிறார்கள், இருந்த ஆறு பேரில் மூன்று பேரை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று, அதுதான் ராத்திரி முழுக்க மண்டையில் ஓடியது.

ராத்திரி விழித்துக் கம்ப்யூட்டரில் விளையாடுவாயே, 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன்' என்ற போர் விளையாட்டு, அதில் ஒரு ஜெனரலை அவனுக்கும் மேலான ஃபீல்ட் மார்ஷல் ஆக்கினால் பல ஜெனரல்களின் படைகளை அவன் கீழே கொண்டுவரலாம் என்று எனக்குப் பாடம் நடத்தினாய். அப்படியென்றால் படை இருந்தால்தானே அந்தப் பட்டத்துக்கு வேலை?

ஸ்டாலின்கிராட் கதையை நான் சொல்லியிருக்கிறேனா? இரண்டாம் உலகப்போரில் அந்த ரஷ்ய நகரத்தில் ஜெர்மன் தளபதி பவுலஸின் ஆறாவது படை சுற்றி வளைக்கப்பட்டு, பசியிலும் பனியிலும் செத்துக்கொண்டிருந்தது. 1943 ஜனவரி 30 அன்று ஹிட்லர் அவரை ஃபீல்ட் மார்ஷல் ஆக்கினார். ரொட்டியும் வரவில்லை, துணைப்படையும் வரவில்லை, பட்டம் மட்டும் வந்தது. அதுவரை எந்த ஜெர்மன் ஃபீல்ட் மார்ஷலும் சரணடைந்ததில்லை. சரணடையாதே, செத்துப்போ என்பதைத்தான் அப்படி நாசூக்காகச் சொன்னார்கள். பவுலஸ் மறுநாளே ஒரு கடைக் கட்டடத்தின் நிலவறையில் பிடிபட்டார். சிறைப்பட்டவர்கள் சுமார் 91,000 பேர்.

எல்லாருக்கும் அப்படித்தான் என்று சொல்லமாட்டேன். கம்யூனிஸ்டுகளை எதிர்த்த அவசரகாலத்தில், 1952இல் நம் மலாயாவுக்கு வந்த பிரிட்டிஷ்காரர் டெம்ப்ளர் அப்போது ஜெனரல்தான். அப்போது அவர் செய்ததை நம் பெரியவர்கள் சிலர் மெச்சுவார்கள், முள்வேலிக்குள் புதுக்கிராமங்களில் கிடந்தவர்கள் மெச்சமாட்டார்கள், அது வேறு கதை. ஃபீல்ட் மார்ஷல் ஆனது 1956இல், இங்கிருந்து போன பிறகு. இந்திய ராணுவத் தளபதி மானெக்ஷாவுக்கும் பாகிஸ்தானுடனான 1971 போரை வென்றபின் 1973இல்தான் கிடைத்தது. அடுத்த சில நாட்களில் பணியிலிருந்து விலகினார். இவர்களுக்கெல்லாம் வேலை முடிந்து பட்டம் வந்தது. உனக்குப் பட்டம் முதலில் வந்திருக்கிறது, ஆளைப் பாதியாக்கிவிட்டு.

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. கிடங்கில் கிராணியாக, கணக்கு எழுதிக்கொண்டு இருந்தவனை ஒருநாள் 'சீனியர் சூப்பர்வைசர்' என்றார்கள். சட்டைப் பையில் குத்திக்கொள்ளப் பெயர்ப்பட்டை கொடுத்தார்கள். அதே வாரம் இரவு ஷிப்டில் இருந்த இரண்டு பேரை எடுத்தார்கள். லாரி வந்தால் நானே மூட்டை எண்ணி, நானே கையெழுத்துப் போட்டு, கணக்குக் குறைந்தால் நானே பதிலும் சொன்னேன். எட்டு மாதம். உனக்கு அப்போது மூன்று வயது. நீ தூங்கும்போதுதான் உன்னைப் பார்ப்பேன்.

அதனால் பதவி வேண்டாம் என்று சொல்லவில்லை, ஐயா. திங்கட்கிழமை போய், அந்த மூன்று பேரைத் திருப்பித் தருவீர்களா, இல்லை வேலையைக் குறைப்பீர்களா என்று கேள். சம்பளம் எந்த மாதத்திலிருந்து என்றும் கேள். பதிலை ஈமெயிலில் வாங்கு. வாயால் சொன்னதை வைத்து நான் பட்டது போதும்.

எதிர் வீட்டுச் சீனப் பையனோடு நீ விளையாடிய ராணுவச் சதுரங்கம் ஞாபகம் இருக்கிறதா? காய்களை முதுகு காட்டி நிறுத்துவீர்கள், நான் நடுவர். மோதும் இரண்டு காயையும் நான் மட்டும் பார்த்துச் சின்னதை எடுத்துவிடுவேன். ஒரு தடவை நீ முன்னால் நின்ற காய்களையெல்லாம் பறிகொடுத்துவிட்டு மார்ஷலை மட்டும் தனியாக நிறுத்தியிருந்தாய். அவன் வெடிகுண்டை விட்டான், இரண்டும் போயின. மார்ஷல் செத்தால் கொடியைத் திருப்பிக் காட்டவேண்டும் என்பது சட்டம். காட்டமாட்டேன் என்று காயை வாயில் போட்டுக்கொண்டாய்!

நேற்று அலமாரியைக் குடைந்து அந்தப் பெட்டியை எடுத்தேன். கொடிக் காயில் உன் பல் தடம் இன்னும் இருக்கிறது. கண்ணிவெடி ஒன்றைத்தான் காணோம். தீபாவளிக்கு வரும்போது தேடுவோம்.

அன்புடன்,
அப்பா