மாடி இல்லாத கடைக்காரன் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் 'மழைக்கு வணிகர்கள் தயாரா?' என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. படமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதில் ஒரு வரி: 'கீழ்த்தளச் சரக்கை மாடிக்கு ஏற்றுவது போன்ற எளிய முன்னெச்சரிக்கையைக்கூட நம் சிறு வணிகர்கள் செய்வதில்லை.' அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எழுதியவர் தாமிரபரணிக் கரையிலுள்ள எங்கள் ஏரல் கடைத்தெருவில் ஒரு நடை நடந்து, எத்தனை கடைக்கு மாடி இருக்கிறது, இருக்கிற மாடி யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். என்னுடையது வாடகைக் கடை. மாடி கட்டட உரிமையாளருடையது. கேட்டால் தருவார், அதற்குத் தனி வாடகையும் தனி அட்வான்ஸும் கேட்பார். எளிய முன்னெச்சரிக்கைதான், சரி.

சின்னதாக ஓர் அச்சகமும் அதோடு சேர்ந்த நோட்டு, பேப்பர் கடையும் நடத்துகிறேன். எங்கள் தொழிலில் டிசம்பர் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் அச்சடிக்கிறவர்கள்தானே. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, தினசரிக் காலண்டர் அட்டைகள் எல்லாம் கடை பெயர் அடித்து, கட்டுக்கட்டாக அடுக்கி, மறுநாளிலிருந்து கொடுக்க வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில் இருந்தன. அன்று ராத்திரி தாமிரபரணி ஊருக்குள் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை அது. 1992 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்களே இப்படிப் பார்த்ததில்லை என்றார்கள்.

அப்புறம் என்ன நடந்தது? 12ஆம் தேதியே எச்சரித்துவிட்டோம் என்று ஒன்றிய அரசு சொன்னது. நீங்கள் சொன்னது ஓர் அளவு, பெய்தது அதைப்போல் பல மடங்கு என்று மாநில அரசு சொன்னது. இரண்டையும் முதல் பக்கத்தில் போட்டீர்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கட்டும் ஐயா, மழை வரும் என்று எங்களுக்கும் தெரியும். கடைக்காரனுக்குத் தெரிய வேண்டியது, ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டி எத்தனை ஆயிரம் கன அடி வருகிறது, அது ஏரலுக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பதுதான். அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கரண்ட் போனது, செல்போன் டவர் போனது, பாலத்தை ஒட்டிய சாலையும் போனது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் மாட்டிக்கொண்டதையும் 800 பயணிகள் பட்ட பாட்டையும் பக்கம் பக்கமாக எழுதினீர்கள். எழுத வேண்டியதுதான், தப்பில்லை. ரயில் சென்னைக்குப் போக வேண்டியது என்பதால் எழுதினீர்களோ என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தண்ணீர் வடிந்த பிறகு ஷட்டரைத் தூக்க முடியவில்லை. உள்ளே பேப்பர் ஊறிப் பெருத்து, ரேக் பலகையைப் பிளந்து, ஷட்டரை முட்டிக்கொண்டு நின்றது. ஆளை வைத்து நெம்பித் திறந்தோம். ஊறிய ரீமைக் கையால் பிரிக்க முடியாது, மண்வெட்டியால் கொத்தித்தான் எடுக்க வேண்டும். கொத்துகிற இடத்திலெல்லாம் ஒரு பக்கம் 2024 ஜனவரி, மறுபக்கம் யாரோ ஒரு ஜவுளிக்கடைக்காரர் பெயர். அச்சு இயந்திரத்தின் ரோலருக்குள்ளும் மோட்டாருக்குள்ளும் வண்டல் போயிருந்தது.

குப்பையை உடனே அப்புறப்படுத்துங்கள், நோய் பரவும் என்று ஒரு பக்கம் மைக்கில் சொல்லிக்கொண்டு போகிறார்கள். நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் தொடாதீர்கள் என்று இன்னொரு பக்கம் காப்பீட்டு நிறுவனம் சொல்கிறது. எதைக் கேட்பது? நாறும் குவியலைக் கடை வாசலில் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாரிடம் திட்டு வாங்கினேன். ஒரு வழியாக வந்த சர்வேயர் தம்பி, "அண்ணாச்சி, ஸ்டாக் ரிஜிஸ்டர எடுங்க" என்றார். அது ஸ்டாக்கோடு சேர்ந்து போச்சு தம்பி என்றேன். காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஜனவரி தாண்டினா இதுக்கு மதிப்பு இல்லையே?" என்று கேட்டார். அவர் வந்ததே ஜனவரியில்தான் என்பதை அவருக்கு நான் நினைவூட்டவில்லை.

உங்கள் கட்டுரையாளர் மாடியைப் பற்றி எழுதிய இடத்தில் எழுதியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கடைக்கு வங்கியில் கடன் வாங்கினால் சரக்குக்கு இன்சூரன்ஸ் போட்டு, பிரீமியத்தை நம் கணக்கில் பிடித்துக்கொள்வார்கள். பாலிசி வங்கியிலேயே கிடக்கும். எத்தனை ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்கள், எந்த முகவரிக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பெரும்பாலான கடைக்காரர்களுக்குத் தெரியாது. 20 லட்சத்துக்குச் சரக்கு இருக்கும்போது பாலிசி 12 லட்சத்துக்கு இருந்தால், சரக்கில் எத்தனை பங்குக்குப் பாலிசியோ நஷ்டத்திலும் அத்தனை பங்குதான் என்று, 10 லட்சம் நஷ்டமானாலும் 6 லட்சம்தான் கணக்குப் போடுவார்கள், அதிலும் நம் பங்கு என்று ஒரு தொகையைக் கழிப்பது தனி. மார்கழியில் எந்தக் கடையில் ஐயா சரக்கு ஆடி மாத அளவுக்கு இருக்கும்? எனக்கும் இந்தக் கணக்குதான் போட்டார்கள். வந்த பணமும் முதலில் கடன் கணக்குக்குப் போனது. வங்கிக்குப் போய் பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள், பொங்கல் சரக்கு இறக்குவதற்கு முன்னால் தொகையைக் கூட்டச் சொல்லுங்கள், மாதக் கடைசியில் சரக்கை வீடியோ எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள் என்று நாலு வரி வந்திருந்தால் அந்த இணைப்பைப் பத்திரப்படுத்தியிருப்பேன்.

இன்னொன்று. அழிந்துபோன சரக்குக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டாக, அதாவது நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வரவாக, எடுத்திருந்தால், அதைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஜிஎஸ்டி சட்டப் பிரிவு 17(5). திருடு போனாலும் அப்படித்தான், வெள்ளம் அடித்துப் போனாலும் அப்படித்தான். என் ஆடிட்டர் இதைச் சொன்னபோது கிண்டல் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் மாவட்டங்களுக்குக் கணக்குத் தாக்கல் செய்ய ஜனவரி 10 வரை அவகாசம் கொடுத்தார்கள். ரொம்பப் பெரிய மனசு.

நிவாரணம் கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் வந்தது, வாங்கினேன், நன்றி. ஆனால் அது வீட்டுக்கு. பேரிடர் நிவாரண நிதிக்கு ஒன்றிய அரசு வகுத்துள்ள விதிகளில் பயிருக்குத் தலைப்பு உண்டு, ஆடு மாட்டுக்கு உண்டு, படகுக்கும் வலைக்கும் உண்டு, கைத்தறிக்காரருக்கு உண்டு, வீட்டுக்கு உண்டு. கடைக்குக் கிடையாது. எங்களுக்கு அறிவித்ததெல்லாம் கடன். ஏற்கெனவே உள்ள கடனுக்குச் சரக்கே இல்லாதவன் இன்னொரு கடனுக்கு எதைக் காட்டுவான்? பக்கத்துக் கடை டெய்லர் அக்காவிடம் பதிவுச் சான்று கேட்டார்கள். அவரிடம் இருந்தது துருப்பிடித்த இரண்டு மெஷின்.

வாழைக்காரர்கள் மறியல் செய்தால் உங்கள் நிருபர் வருகிறார். கடைக்காரன் மறியல் செய்தால் கடையை யார் பார்ப்பது? ஸ்ரீவைகுண்டம் அணையைத் தூர்வார 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது, அதைப் பற்றி அப்போது நான் எழுதிய கடிதத்தையும் நீங்கள் போடவில்லை. இதையும் போடுவீர்கள் என்று நம்பி எழுதவில்லை. போட்டால் சந்தோஷம், வெட்டாமல் போட்டால் ரொம்பச் சந்தோஷம்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். நெல்லைப் பதிப்பில் தினமும் அணை நிலவரம் என்று ஒரு கட்டம் போடுகிறீர்கள். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, அதில் இன்று இவ்வளவு என்று. அதே கட்டத்தில் ஐப்பசி முதல் மார்கழி முடிய ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வெளியேறும் கன அடியையும் ஒரு வரியாகச் சேருங்கள். பேப்பர் காலையில்தான் வரும், தண்ணீர் ராத்திரியில் வரும், தெரியும். இருந்தாலும் முந்தின நாள் எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு என்று பார்த்தாலே எங்களுக்குப் போக்கு புரிந்துவிடும். இடம் இல்லையென்றால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளுங்கள், என்னுடைய ராசியையே குறைத்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
ஏரல், தூத்துக்குடி மாவட்டம்.