ஏரிக்குள் முளைத்த காட்டுப்பூவரசு

செண்பகனூர்,
ஐப்பசி.

அன்புள்ள முருகேசா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோத்தகிரியில் மழை விட்டபாடில்லை என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். துணி காயவில்லை, என் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. செல்விக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேரன் பேசத் தொடங்கிவிட்டான், நிறுத்தத்தான் தெரியவில்லை.

ரிட்டயர் ஆன பிறகும் கம்ப்யூட்டர் முன்னால் உனக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாய். இங்கே நாலைந்து பேர் சேர்ந்து, பழனி மலைச் செடிகளின் பழைய பதிவுகளை ஒரே தரவுத்தளத்துக்குள் கொண்டுவரப் பார்க்கிறார்கள். எனக்குக் கிடைத்தது இடம் குறிக்கிற வேலை. ஹெர்பேரியம் தாளின், அதாவது செடியை உலர்த்தி ஒட்டி வைத்த தாளின், மூலையில் இருக்கும் சீட்டைப் படித்து, செடியைப் பறித்த இடம் எது என்று கண்டுபிடித்து, அட்சரேகை, தீர்க்கரேகை போட வேண்டும். படம் எடுப்பது, தட்டச்சு செய்வது எல்லாம் சின்னப் பிள்ளைகள் மளமளவென்று முடித்துவிடுகிறார்கள். நான்தான் ஒரே சீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடக்கிறேன்.

சீட்டில் என்ன இருக்கும் என்கிறாய்? 'புல்னி ஹில்ஸ், 7000 அடி'. புல்னி என்றால் நம் பழனிதான். அவ்வளவுதான். வைட் துரை என்ற தாவரவியலாளர் 1836-லேயே இந்த மலைக்கு வந்து போனவர். அவர் சேகரித்ததில் லண்டன் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து பல ஊர்களுக்குப் பிரித்து அனுப்பிய தாள்களில் 'இந்தியத் தீபகற்பம்' என்று அச்சடித்ததோடு சரி. கன்னியாகுமரியிலிருந்து தேட ஆரம்பிக்கலாம்! 'கொடைக்கானல்' என்று மட்டும் இருந்தால் இன்னொரு வம்பு. மென்பொருள் ஊருக்கு நடுவில் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போய்விடும். முதலில் வரைபடத்தைத் திறந்தபோது காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான் மரம்), ஆர்க்கிட், புல் எல்லாம் ஏரித் தண்ணீருக்குள் முளைத்திருந்தன. அந்த ஏரியே 1863-ல் லெவிஞ்ச் துரை கட்டியது. அதற்கு முன்பு பறித்த செடியா, பின்பு பறித்ததா என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்?

அதனால் இப்போது வெறும் புள்ளி வைப்பதில்லை. புள்ளியோடு, 'இதிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளியும் இருக்கலாம்' என்று ஒரு வட்டத்தையும் பதிகிறோம். 'கொடைக்கானல்' என்றால் பெரிய வட்டம், 'பாம்பார் சோலை' என்றால் சின்ன வட்டம். பலர் இந்தக் கட்டத்தை நிரப்பாமல் தாண்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அது காலியாக இருக்கும் தரவுத்தளத்தை நம்பிக் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

பெயர் தொல்லை உனக்குத் தெரிந்ததுதான். குறிஞ்சிக்கே தாவரவியல் பெயர் பழைய தாளில் பிளெபோஃபில்லம், புதிய தாளில் ஸ்ட்ரோபிலாந்தஸ். இரண்டையும் முடிச்சுப் போடாவிட்டால் ஒரு செடி இரண்டாகிவிடும். அதைக் கம்ப்யூட்டரே ஓரளவு பார்த்துக்கொள்கிறது.

என்னை உறுத்துவது வேறு. புள்ளிகளை எல்லாம் மொத்தமாகப் போட்டுப் பார்த்தால் செண்பகனூரைச் சுற்றி அப்பிக் கிடக்கிறது. அப்புறம் மலைச்சாலை ஓரமாகப் பெருமாள் மலை வரை, இந்தப் பக்கம் பேரிஜம் பாதை. செடிகள் சாலையோரமாகவா முளைக்கின்றன? இது செடி சேகரித்த இயேசு சபைச் சாமியார்கள் நடந்த தடம். 1895-ல் இங்கே மியூசியம் தொடங்கினதிலிருந்து அவர்கள் நடந்தார்கள். ஆங்க்லாத் சாமியார் பறித்த செடியை வாடுவதற்குள் நீர்வண்ணத்தில் வரைந்தார். மேத்யூ சாமியார் திருச்சி ரப்பினா ஹெர்பேரியத்திலிருந்து வந்து வந்து சேகரித்து, 1999-ல் பழனி மலைத் தாவரங்களுக்கென்றே பெரிய நூலைக் கொண்டுவந்தார். அவர்கள் கால் படாத சரிவு வரைபடத்தில் வெறுமையாக இருக்கிறது. நாளைக்கு அங்கே சாலையோ ரிசார்ட்டோ கேட்டு வருகிறவன் அதைத் திறந்து காட்டி, 'பாருங்கள், அரிய செடி எதுவும் இல்லை' என்பான். 'யாரும் போய்ப் பார்க்கவில்லை' என்பதும் 'போய்ப் பார்த்தோம், இல்லை' என்பதும் ஒரே வெள்ளைதான் அந்தத் திரையில். ஆகவே போன நடை எல்லாம், ஒன்றும் கிடைக்காத நடை உட்பட, தேதியோடு பதிவாக வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். வெறும் நடையை எதற்கு ஏற்றுவது என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். விடமாட்டேன்.

பழைய சீட்டு எதற்கெல்லாம் உதவும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக, செயற்கைக்கோள் படங்களை வைத்து ஒரு ஆய்வு 2018-ல் வெளியானது. அந்த இடத்தைப் பிடித்தது பெரும்பாலும் வெளிநாட்டு மரங்களான வாட்டிலும் பைனும் யூகலிப்டஸும், மிச்சம் விவசாயம். செயற்கைக்கோளுக்கு 1973-க்கு முந்தின மலையைத் தெரியாது. இன்றைக்கு வாட்டில் அடர்ந்து நிற்கும் ஒரு மேட்டில், 'திறந்த புல்வெளி' என்று பழைய சீட்டு ஒன்று சொன்னால், அங்கே முன்பு என்ன இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. வாட்டிலை வெட்டினபின் எந்தப் புல்லைத் திரும்ப நடுவது என்பதற்கும் அங்கிருந்துதான் துப்புக் கிடைக்கும்.

எல்லாவற்றையும் ஊருக்குத் திறந்து வைப்பதா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. அரிய ஆர்க்கிடின் இடத்தைத் துல்லியமாகப் போட்டால் மறுவாரம் ஒருவன் சாக்குப்பையோடு வந்து நிற்பான். பொதுமக்கள் தாங்கள் பார்த்த உயிரினங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடத்தை ஏறக்குறைய 22 கிலோமீட்டர் கட்டத்துக்குள் எங்கேயோ நகர்த்திக் காட்டுகிறார்கள். நல்லதுதான், ஆனால் நம் மலை செங்குத்தானது. சோலைக்குள் மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட் பெரியகுளம் மாந்தோப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது! என் கட்சி இது: வனத்துறைக்கும், அந்தக் காட்டிலேயே வாழும் பளியர் பழங்குடிகளுக்கும் சரியான இடம் தெரியட்டும், மற்றவர்களுக்கு மலையின் பெயர் போதும்.

இப்போது உனக்கு ஒரு வேலை. எம்.எஸ்சி. படிக்கும்போது பூம்பாறையிலிருந்து மன்னவனூர், கூக்கல் பக்கமெல்லாம் சுற்றினோமே, அப்போது நீ ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாய். நாங்கள் பார்த்தோம், நீ எழுதினாய். அது உன் பரணில்தான் இருக்கும், எதையும் தூக்கிப்போடுகிற ஆள் இல்லை நீ. கரையானுக்குக் கொடுத்துவிடாமல் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பு. செடி பெயர் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, தேதியும் போன பாதையும் தெரிந்தால் போதும்.

முடிந்தால் பொங்கல் கழித்து நோட்டோடு நீயே வா. சொந்தக் காரில் வருவதானால் இ-பாஸ் எடுத்துக்கொள். 2024 மே மாதத்திலிருந்து உங்கள் ஊட்டிக்கு மாதிரியே இங்கேயும் கேட்கிறார்கள். கமலாவுக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன்,
சேவியர்