கொடுத்த நிறத்தையும் திகதியையும் தானாக மாற்றும் மென்பொருள் பற்றிய முறைப்பாடு

திருகோணமலை,
2025 ஒக்டோபர் 14.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா / அம்மணி,

உங்கள் அட்டை வடிவமைப்பு மென்பொருள் தொடர்பான முறைப்பாடு

நான் திருகோணமலை நகரில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். கலியாண அழைப்பிதழ், சாமத்திய வீட்டுக் காட், நினைவஞ்சலி, கடைகளுக்குப் பற்றுச்சீட்டுப் புத்தகம், உப்புவெளி நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களுக்கு ஊழியர் அடையாள அட்டை, இவைதான் வேலை. இந்த வருடம் சித்திரைக்குப் பிறகு உங்கள் மென்பொருளை முழுப் பணமும் கட்டி வாங்கினேன். களவாக இறக்கிய பிரதி இல்லை. உரிம விபரம் உங்களிடமே இருக்கிறது. உதவிப் பிரிவோடு தொலைபேசியிலும் வட்ஸ்அப்பிலும் பேசிப் பேசி அலுத்துப்போய்த்தான் இதை எழுத்தில் தருகிறேன்.

என் முறைப்பாடு ஒன்றே ஒன்றுதான். நான் கொடுத்த நிறத்தையும் திகதியையும் உங்கள் மென்பொருள் என்னைக் கேட்காமல் மாற்றுகிறது. மாற்றிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்வதும் இல்லை.

முதலில் நிறம். ஆவணியில் ஒரு கலியாண ஓடர். பெண் வீட்டார் மெரூன் நிறம்தான் வேண்டும் என்று நின்றார்கள். நிறத் தெரிவுப் பெட்டியில் சிவப்பு 128, பச்சை 0, நீலம் 0 என்று கொடுத்தேன். ஆறு இலக்கக் குறியீடாக எழுதினால் அது 800000. திரையில் அருமையான மெரூன். மாதிரியைக் காட்டிச் சம்மதமும் வாங்கிக் கோப்பைச் சேமித்தேன். அடுத்த நாள் என்னிடம் வேலை செய்யும் பெடியன் கோப்பைத் திறந்து, 300 காட்டையும் அடித்து அடுக்கி வைத்துவிட்டான். எல்லாம் கருநீலம். அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் திறந்தபோது திரையிலும் கருநீலம்தான் இருந்தது. சம்மதம் வாங்கிய நிறம் எது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? காட்டை எடுக்க வந்த பெண்ணின் தாயார் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “தம்பி, இது கலியாண வீட்டுக்கோ செத்த வீட்டுக்கோ?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இரவோடு இரவாகத் திரும்ப அடித்துக் கொடுத்தேன், என் செலவில்.

மை வேறு, திரை வேறு. திரையில் தெரியும் சிவப்பு தாளில் கொஞ்சம் மங்கும். இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அது தெரியாததல்ல. உங்கள் உதவிப் பிரிவினர் முதலில் எனக்கு எடுத்த பாடமும் அதுதான். திரையின் நிறத்தைச் சீர்செய்யச் சொன்னார்கள், அச்சு இயந்திரத்தின் தலையைத் துப்புரவாக்கச் சொன்னார்கள். மெரூன் கருநீலமாவது மை மங்குவதால் வராது என்று சொன்னேன். சரி, கோப்பை அனுப்புங்கள் என்றார்கள். கோப்பைத் திறந்து, “இதைப் பாருங்கள்” என்று ஒரு மூலையில் எழுதி, சேமித்து அனுப்பினேன். பதில் வந்தது: “எங்கள் கணினியில் மெரூனாகத்தான் தெரிகிறது. உங்கள் கணினியில்தான் பிழை.”

அதற்கும் காரணம் உங்கள் மென்பொருள்தான். என் அக்காவின் மகன் மென்பொருள் எழுதும் வேலை செய்கிறான். அவனிடம் காட்டினேன். அவன் பச்சையில் ஒரு கட்டம், மஞ்சளில் ஒன்று, மெரூனில் ஒன்று, கறுப்பில் ஒன்று போட்டுச் சேமித்து, மூடி, திறந்தான். பச்சையும் கறுப்பும் அசையவில்லை. மஞ்சள் வானநீலமாகியிருந்தது, மெரூன் கருநீலமாகியிருந்தது. பார்த்தவுடன் சிரித்துவிட்டான். இணையத்திலும் வடிவமைப்பு வேலையிலும் நிறத்தின் ஆறு இலக்கங்களும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் இரண்டிரண்டாக வரும். விண்டோஸ் உள்ளே வைத்திருப்பதோ நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழாக. நீங்கள் சேமிக்கும்போது ஒரு வரிசையில் எழுதுகிறீர்கள், வாசிக்கும்போது மற்ற வரிசையில் வாசிக்கிறீர்கள். 800000 வாசிக்கப்படும்போது 000080 ஆகிவிடுகிறது. பச்சை நடுவில் இருப்பதால், 008000 எந்தப் பக்கத்தால் வாசித்தாலும் 008000தான்.

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. நீலமாகிப்போன கோப்பை அப்படியே சேமித்து மறுபடி திறந்தால் திரும்ப மெரூனாகிவிடும். ஒரு தடவை திறந்தால் நீலம், மறு தடவை திறந்தால் சிவப்பு. நான் குறிப்பெழுதிச் சேமித்து அனுப்பிய கோப்பு உங்களிடம் மெரூனாகத் தெரிந்தது அதனால்தான். உங்கள் ஆட்கள் அதை இன்னொரு முறை சேமித்துத் திறந்திருந்தால் அந்தக் கணமே விளங்கியிருக்கும். அந்தச் சிரமத்தை யாரும் எடுக்கவில்லை.

நிறப் பெட்டியைப் பற்றி இன்னொன்று, சின்னது. அது விண்டோஸின் வழக்கமான பெட்டிதான்: மேலே 48 அடிப்படை நிறங்கள், கீழே நாமே கலந்து வைத்துக்கொள்ள 16 கட்டங்கள். அந்த 16 கட்டங்களில் போட்டதை நினைவில் வைத்திருக்க வேண்டியது விண்டோஸ் இல்லை, அதைக் கூப்பிடும் மென்பொருள். உங்களுடையது வைப்பதில்லை. மென்பொருளை மூடினால் கட்டங்கள் எல்லாம் வெள்ளை. ஒவ்வொரு ஹோட்டலுக்கும் ஒரு நிறம் இருக்கிறது. அதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்துத் தினமும் காலையில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இனித் திகதி. இதுதான் பெரிய தலையிடி.

நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்று ஊழியர் பட்டியலை எக்செல் கோப்பில் தந்தது. பெயர், பதவி, பிறந்த திகதி, தேசிய அடையாள அட்டை இலக்கம். உங்கள் மென்பொருள் பட்டியலை வாசித்து அட்டைகளைத் தானாக உருவாக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறீர்கள். உருவாக்கியது. ஒருவருடைய பிறந்த திகதி பட்டியலில் 04/11/1999. அதாவது நவம்பர் 4. இந்த நாட்டில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அட்டையில் வந்தது ஏப்ரல் 11. பட்டியல் முழுக்க இப்படியே என்றால் உடனே கண்ணில் பட்டிருக்கும். நாள் 12ஐத் தாண்டியவர்களுக்கு எல்லாம் சரி. 12க்குள் பிறந்தவர்களுக்கு மட்டும் பிழை. 13ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் உங்கள் மென்பொருள் அந்த இடத்தில் மட்டும் ஒழுங்காக வாசிக்கிறது. முழுப் பிழையை விடப் பாதிப் பிழை ஆபத்தானது. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும்.

கண்டுபிடித்தது ஹோட்டலின் ஆளணிப் பிரிவில் இருக்கும் அம்மா. அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்தே பிறந்த நாளைச் சொல்லக்கூடியவர். பழைய இலக்கமென்றால் முதல் இரண்டும் வருடம், புதிய 12 இலக்க அட்டையென்றால் முதல் நான்கு. அதை அடுத்து வரும் மூன்றும் வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். இந்த ஊழியருக்கு 309. ஏப்ரல் 11 என்றால் 102 என்றல்லவா இருக்க வேண்டும்? பிறந்த திகதியும் அடையாள அட்டை இலக்கமும் அதே அட்டையில் ஒன்றின் கீழ் ஒன்றாக அச்சாகி, ஒன்றையொன்று பொய்யென்று சொல்லிக்கொண்டிருந்தன.

உதவிப் பிரிவு சொன்ன பரிகாரத்தை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. விண்டோஸில் பிராந்தியத்தை அமெரிக்கா என்று மாற்றட்டாம்! இந்தக் கணினியில்தான் என் கணக்கு வழக்கு, எக்செல், கடன் கொடுத்த விபரம் எல்லாம் இருக்கிறது. உங்கள் ஒரு மென்பொருளுக்காக நான் அத்தனையையும் அமெரிக்காவுக்குக் குடிபெயர்க்க வேண்டுமா? விண்டோஸில் பிராந்திய அமைப்பு என்று ஒன்று இருப்பதே மென்பொருள் அதைக் கேட்டு நடக்கத்தான்.

விடாமல் நின்றபின் புதிய பதிப்பொன்றை அனுப்பினீர்கள். நாளும் மாதமும் இடம் மாறுவது நின்றது, நன்றி. அதே ஊழியரின் அட்டையை மறுபடி எடுத்தேன். நவம்பர் 3.

பட்டியலைப் பிரித்துப் பார்த்தோம். 1996 நடுப்பகுதியிலிருந்து 2006 சித்திரை வரை பிறந்தவர்களுக்கு மட்டும் ஒரு நாள் குறைகிறது. அதற்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களுக்குச் சரி. என் வயதுக்காரர்களுக்கு அந்த வருடங்களைச் சொன்னவுடனேயே விளங்கிவிடும். 1996 மே 25இல் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், அந்த ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள், 2006 ஏப்ரல் 15இல்தான் பழையபடி கிரீன்விச்சிலிருந்து ஐந்தரை மணித்தியாலத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் “புது நேரமா, பழைய நேரமா” என்று கேட்டுத்தான் கலியாணத்துக்கே போவோம். அரசின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து புலிகளின் பகுதிக்குப் போனால் நேரமும் மாறும். உங்கள் புதிய பதிப்பு பிறந்த திகதியை நள்ளிரவு 12 மணி என்று எடுத்து, இந்த ஊழியர் பிறந்த காலத்து ஆறு மணித்தியாலத்தைக் கழித்துக் கிரீன்விச் நேரமாகச் சேமிக்கிறது. திரும்பக் காட்டும்போது இந்தக் காலத்து ஐந்தரையைக் கூட்டுகிறது. கிடைப்பது முதல் நாள் இரவு பதினொன்றரை. மணியை வெட்டிவிட்டுத் திகதியை மட்டும் அச்சிட்டால் ஒரு நாள் போய்விடும். பிறந்த திகதிக்கு எதற்கு மணித்தியாலம்? வருடம், மாதம், நாள், அவ்வளவுதானே. திகதி எழுதுவதற்கான சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 8601 முறைப்படி 1999-11-04 என்று எழுதி வைத்தால் எந்த நாட்டு மணிக்கூடும் அதைத் தொட முடியாது.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. இலங்கைக்கென்றே சேர்த்த வசதி என்று நீங்கள் பெருமையாகச் சொல்லும் அடையாள அட்டைச் சரிபார்ப்பு, அதே 309ஐப் பார்த்து இவர் நவம்பர் 5இல் பிறந்தவர் என்கிறது. எங்கள் அடையாள அட்டை இலக்கத்தில் எல்லா வருடமும் பெப்ரவரிக்கு 29 நாள் வைத்துத்தான் எண்ணுவார்கள். நீங்கள் 1999 நெட்டாண்டு இல்லையென்று 28 வைத்து எண்ணியிருக்கிறீர்கள். ஆக ஒரே மனிதருக்கு ஏப்ரல் 11, நவம்பர் 3, நவம்பர் 5 என்று மூன்று பிறந்த நாள் தந்துவிட்டீர்கள். அவர் உண்மையில் பிறந்த நாள் மட்டும் ஒன்றிலும் இல்லை.

பற்றுச்சீட்டில் மாதம் வரவேண்டிய இடத்தில் 47 வந்ததையும் சொல்லிவிடுகிறேன். அச்சடித்த நேரம் 10.47. திகதி எப்படி வரவேண்டும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் குறியீட்டில் மாதத்துக்குப் பெரிய எம் (M), நிமிடத்துக்குச் சின்ன எம் (m). யாரோ சின்னதைப் போட்டிருக்கிறார்கள். ஓர் எழுத்து வேலை, திருத்திவிடுங்கள். கலியாணக் காட்டில் ஆவணி எத்தனையாம் நாள் என்பதை நான் பஞ்சாங்கம் பார்த்துக் கையால் தட்டிக்கொள்வேன், அதை உங்களிடம் கேட்கவில்லை.

நான் கேட்பது இதுதான். நிறம் சேமித்தபடியே திறக்க வேண்டும். பட்டியலை வாசிக்கும் முன் முதல் சில வரிகளைக் காட்டி, மாதத்தை எழுத்தில் போட்டு, “04 நவம்பர் 1999, சரியா?” என்று கேட்க வேண்டும். சந்தேகமான திகதியை ஊகிக்காமல் நிறுத்திச் சொல்ல வேண்டும். இவற்றை நவம்பர் முடிவுக்குள் செய்ய முடியாவிட்டால் உரிமப் பணத்தைத் திருப்பித் தாருங்கள். 300 அழைப்பிதழும் ஹோட்டல் அட்டைகளும் திரும்ப அடித்த செலவை எந்த நிலையிலும் நீங்கள்தான் தரவேண்டும். சீட்டுகளின் பிரதிகள் இத்துடன் இருக்கின்றன. பதில் எழுத்தில் வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுவேன்.

அடுத்த பதிப்பை அனுப்பும் முன் உங்கள் ஆட்கள் 800000 நிறத்தில் ஒரு கட்டம் போட்டு இரண்டு தடவை சேமித்துத் திறக்கட்டும். பிறகு 04/11/1999, 02/07/1996, 01/03/1985 என்ற மூன்று திகதிகளையும், நாள் இலக்கம் 309, 184, 61 என்று வைத்து, விண்டோஸில் இலங்கையைத் தெரிவுசெய்த கணினியில் ஓட்டிப் பார்க்கட்டும். நவம்பர் 4, ஜூலை 2, மார்ச் 1 என்று வந்தால் மட்டும் எனக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர்,
திருகோணமலை.

இணைப்பு: மெரூன் அழைப்பிதழ்க் கோப்பு (ஒரு தடவை சேமித்தது, இரண்டு தடவை சேமித்தது), பெயர்களை நீக்கிய ஊழியர் பட்டியல், மாதம் 47 என்று அச்சான பற்றுச்சீட்டு, செலவுச் சீட்டுகளின் பிரதிகள்.